காந்தம் படாத கொட்டாப்புளி

ஆடி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, திருத்தங்கல் கடைசல் மன்றத்தில் இருபத்து நான்கு கொட்டாப்புளிகள் கடைந்தார்கள். இருபத்திரண்டுக்குக் காந்தம் வைத்துப் பார்த்தார்கள். நோட்டில் மட்டும் இருபத்து நான்கு டிக் விழுந்தது.

டிக் அடித்தவன் மன்றத்தின் செயலாளர் ஊர்க்காவலன்.

பட்டாசு ஆலையின் மருந்து அறைக்குள் இரும்புக்கு இடமில்லை. இரும்பு உரசினால் பொறி. பொறி விழுந்தால் அறையும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் மருந்து இடிக்கிற சுத்தியல் முழுக்க மரத்தில்தான் இருக்க வேண்டும். அந்த மரச் சுத்தியல்தான் கொட்டாப்புளி. வருடத்துக்கு ஒரு முறை, சீசன் சூடு பிடிக்கும் முன், மன்றம் அதைக் கடைந்து ஆலைக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும்.

மன்றம் என்றால் பதினாறு பேர், மூன்று கடைசல் எந்திரங்கள், ஒரு தகரக் கொட்டகை. ஆட்டோ ஓட்டுகிற அய்யப்பன், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் செல்லச்சாமி, அச்சகத்து ஆட்கள் என்று பலவிதம். வாரம் ஆறு நாள் பிழைப்பு, ஞாயிறு மட்டும் மரம். தை மாதம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பம்பரம். பங்குனியில் விருதுநகர் பொருட்காட்சியில் ஸ்டால். ஆடியில் கொட்டாப்புளி. ஆயுத பூஜையன்று ஆண்டு விழா, போட்டி, சுழற்பரிசு. நிகழ்ச்சி நிரல், லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் ஊர்க்காவலன் வசம். காலண்டர் அச்சகத்தில் அவன் வெறும் கட்டிங் மெஷின் ஆபரேட்டர். அங்கே பெயர்கூட யாரும் முழுசாகச் சொல்வதில்லை. மன்றத்தில் அவன் செயலாளர்.

தலைவர் மணிகண்டராஜ். தாயில்பட்டி பக்கம் பட்டாசு ஆலை வைத்திருப்பவர். டென்ஷன் குறைய ஏதாவது கைவேலை பழகுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். மூன்று எந்திரம் வாங்கிப் போட்டார், தன் பேப்பர் குடோனுக்குப் பின்னால் கொட்டகை போட்டார், மன்றம் ஆரம்பித்தார். டென்ஷன் குறைந்ததா தெரியாது.

துணைச் செயலாளர் பாண்டிச்செல்வம், அவருடைய ஆலையிலேயே போர்மேன். காந்தம் வைக்கிற வழக்கத்தைக் கொண்டு வந்தவன் அவன்தான். மரம் சில நேரம் ஆணியை விழுங்கி வைத்திருக்கும், வெளியே தெரியாது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய, உளுந்தவடை அளவுக் காந்தம் ஒன்றை எப்போதும் மடியில் வைத்திருப்பான். ஒவ்வொரு கட்டையையும் அதை வைத்து மேலும் கீழும் தடவுவான். ஒட்டினால் கட்டை அடுப்புக்கு.

"வந்துட்டாரு காந்தப் பூசாரி. தீவாரணை காட்டும்வே," என்பான் அய்யப்பன்.

"காட்டுறேம்ல. ஒன் ஆட்டோவுக்கும் சேத்துக் காட்டுறேன். அதுல இரும்பு எம்புட்டு மிச்சமிருக்குன்னு பாப்பம்," என்பான் பாண்டிச்செல்வம்.

அந்த ஆடி ஞாயிறு மத்தியானம் அவனுக்கு ஆலையிலிருந்து போன் வந்தது. லோடு வந்து நிற்கிறது, உடனே வா.

"இருவத்திரெண்டு முடிஞ்சிருச்சு காவலு. மொதலாளி கடையுறது ரெண்டுதான் பாக்கி. நீ பாத்துருலே." காந்தத்தை ஊர்க்காவலன் கையில் கொடுத்துவிட்டு பைக்கை உதைத்தான்.

அரை மணி நேரத்தில் மணிகண்டராஜ் தன்னுடைய இரண்டையும் எந்திரத்திலிருந்து கழற்றினார். ஆனைக்குட்டத்தில் அவருடைய நிலத்தின் வரப்பில் நின்ற கருவேல மரம். ஒரே கட்டையில் ஜோடியாகக் கடைந்திருந்தார். இரண்டின் வயிற்றிலும் நீலக் கறுப்பாக ஒரு கறை, மயில் கழுத்து மாதிரி, நெளிந்து ஓடியது.

"மொதலாளி, இது கொட்டாப்புளியா, கோயில் சாமானா?" என்றான் அய்யப்பன்.

எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். கருவேலத்தில் நீலக் கறுப்பு ஓடினால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். மன்றத்தில் பதினாறு பேருக்கும் இது தெரியும். ஆனால் அன்றைக்கு அது முதலாளியின் கையில் இருந்தது. அதனால் அழகாக மட்டுமே தெரிந்தது.

ஊர்க்காவலன் காந்தத்தை எடுத்தான்.

"என்ன செயலாளரே, எனக்கேவா?" மணிகண்டராஜ் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஊர்க்காவலனும் சிரித்தான். காந்தத்தைக் கீழே வைத்தான். பேனாவை எடுத்தான்.

ஜோடியில் ஒன்று ஆலைக்குப் போனது. இன்னொன்றை மெருகேற்றி, பீடத்தில் நிறுத்தி, இனி இதுதான் சுழற்பரிசு என்று அறிவித்தார் தலைவர். சீசன் வேலை நெருக்கியதில் பாண்டிச்செல்வம் அதன் பிறகு கொட்டகைப் பக்கம் வரவே இல்லை.

*

ஆவணி இருபத்தாறு. காலை பத்து இருபது. ஒன்பதாம் நம்பர் அறை.

சத்தம் வெம்பக்கோட்டை வரைக்கும் கேட்டது என்றார்கள். உள்ளே மருந்து இடித்துக்கொண்டிருந்த வெள்ளைத்தாய், பக்கத்தில் திரி நறுக்கிய சண்முகத்தாய், இருவர் உயிரும் அங்கேயே போனது. மணிகண்டராஜுக்கு அன்று மாலையே நெஞ்சு வலி வந்து மதுரை ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பாண்டிச்செல்வத்துக்கு நெஞ்சு வலி வரவில்லை. அதனால் அவனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள்.

இடிபாட்டைச் சல்லடை போட்டுச் சலித்ததில் ஓர் இரும்பு ஆணி கிடைத்தது. பாதி உருகியது. வழக்கு அத்தோடு முடிந்த மாதிரிதான். மருந்து அறைக்குள் இரும்பை அனுமதித்த குற்றம், போர்மேனின் கவனக்குறைவு.

வெடித்த பிறகு மூன்றாம் ஞாயிறு பாண்டிச்செல்வத்தின் மனைவி மாரிசெல்வி கொட்டகைக்கு வந்தாள். தீப்பெட்டி ஆலையில் வேலை செய்பவள். மரத்தூளுக்கு நடுவில் உட்கார இடம் தேடாமல் நின்றபடியே பேசினாள்.

"அண்ணே, நேத்து ஜெயில்ல மனு போட்டு அவுகளப் பாத்தேன். சோறு திங்க மாட்டேங்காக. ஆணி எங்கன இருந்து வந்துச்சு, எங்கன இருந்து வந்துச்சுன்னு அதையே கேக்காக. என் செருப்புல ஒட்டி வந்துருக்குமோங்காக. அந்த ரெண்டு பொம்பளயையும் நாந்தான் கொன்னுட்டேங்காக."

ஊர்க்காவலன் உளியை மேசையில் வைத்தான்.

"ஒரு உதவி அண்ணே. ஒங்க மன்றத்துல காந்தம் வச்சுப் பாத்துத்தான் சாமான் குடுப்பீகள்ல. எல்லாத்தையும் சோதிச்சுத்தான் குடுத்தோம், பாண்டிச்செல்வம் அம்புட்டுக் கவனமான ஆளுன்னு ஒங்க லெட்டர்பேடுல எழுதி, சீல் வச்சுக் குடுங்க. கோர்ட்டுல காட்டுவோம்."

"அதுக்கென்ன தாயி, குடுத்துருவோம்," என்றான் ஊர்க்காவலன்.

அவள் போய் ஒரு மணி நேரம் இருக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த மணிகண்டராஜின் போன். "செயலாளரே, ஒரு சர்டிபிகேட் வேணும். மன்றம் குடுத்த கருவி எல்லாம் காந்தச் சோதனை பண்ணுனதுன்னு. ஆயுத பூஜைக் கூட்டத்துல தீர்மானமாவே போட்டுருங்க."

இருவர் கேட்பதும் ஒரே காகிதம். ஊர்க்காவலனுக்கு அதில் ஒரு பெருமைகூட வந்தது. தன் கையெழுத்துக்கு இவ்வளவு கிராக்கியா.

விழாவுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. எழுதத் தொடங்கும் முன் சுழற்பரிசைத் துடைத்து வைத்துவிடலாம் என்று அலமாரியைத் திறந்தான். நீலக் கறுப்பு மயில் கழுத்து மினுங்கியது. மேசையில் பாண்டிச்செல்வத்தின் காந்தம் கிடந்தது.

எதற்கு அதை எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. கறையின் மேல் வைத்தான்.

டக்.

கையை எடுத்தான். காந்தம் விழவில்லை. வயிற்றைக் கவ்விக்கொண்டு நின்றது.

ஊர்க்காவலன் போய்க் கொட்டகைக் கதவைச் சாத்தினான். ஜோடியாகக் கடைந்தவை. இதில் ஆணி என்றால் அதிலும் ஆணி. ஏழெட்டு வாரம் இடித்ததில் மரம் தேய்ந்து, தலை வெளியே வந்து, அடுத்த அடியில்.

இன்னொன்றும் உறைத்தது. மன்றத்தின் கருவிகள் சுத்தம் என்று அவன் எழுதிக் கொடுத்தால், ஆணி வேறு எங்கிருந்தோதான் வந்திருக்க வேண்டும். வேறு எங்கிருந்தோ என்றால், பாண்டிச்செல்வத்திடமிருந்து. மாரிசெல்வி தன் புருஷன் கழுத்துக்குத் தானே கயிறு கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

*

மணிகண்டராஜ் வீட்டு ஆபீஸ் அறை. ஏசி ஓடியது.

"மொதலாளி, அந்தக் கருவேலத்துல எப்பவாச்சும் போர்டு கீர்டு அடிச்சிருந்தீகளா?"

"மனை விற்பனைக்குன்னு ஒரு தகரம் அடிச்சோம். பதினஞ்சு வருசம் இருக்கும். ஏன்?"

ஊர்க்காவலன் துணிப்பையிலிருந்து சுழற்பரிசை எடுத்து மேசையில் வைத்தான். காந்தத்தை வைத்தான். டக்.

மணிகண்டராஜ் காந்தத்தை விரலால் தள்ளிப் பார்த்தார். பிறகு தண்ணீர் குடித்தார்.

"சரி. வெளிய சொல்லிருவம். நான் கடைஞ்சது, நீங்க டிக் அடிச்சது. ரெண்டு பேரும் சேந்தே போவம். எனக்கு மதுரைல ரெண்டு வக்கீல், மெட்ராசுல ஒருத்தர். ஒங்களுக்கு யாரு?"

ஊர்க்காவலன் காந்தத்தைப் பிய்த்து எடுத்தான்.

"பாண்டிச்செல்வம் பாவம் மொதலாளி."

"போர்மேன்னா என்னன்னு நெனைச்சீக? ஒவ்வொரு வெடிக்கும் ஒரு போர்மேன் உள்ள போவான். தொண்ணூறு நாள்ல வெளிய வருவான். அவனுக்கும் தெரியும், அவன் பொண்டாட்டிக்கும் தெரியும். செயலாளரு உள்ள போனா ஊரே சிரிக்கும்."

"அப்ப இத அடுப்புல போட்டுரவா?"

"கூடாது. எல்லாரும் பாத்த சாமான். காணாமப் போனாத்தான் கேள்வி வரும். ஆணிய மட்டும் எடுத்துட்டு அடைச்சுருங்க." மணிகண்டராஜ் லேசாகச் சிரித்தார். "நீங்க அடைச்சா யாருக்குத் தெரியப்போகுது. நம்ம மன்றத்துலயே ஒங்க கைதான் சுத்தம்."

அது உண்மை. பங்குனிப் பொருட்காட்சியில் ஊர்க்காவலனின் தனி நிகழ்ச்சியே அதுதான். மரத்தில் துளை போட்டு, அதே மரத்தில் கடைந்த சிறு ஆப்பை ரேகையோடு ரேகை பொருத்தி அடைத்துவிட்டு, எங்கே அடைப்பு, கண்டுபிடியுங்கள் என்பான். சுற்றி நிற்கிற கூட்டம் தோற்றுப்போகும். வருடா வருடம் ஒரே ஓர் ஆள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் தடவி, இந்தா இங்கன, என்று நிறுத்துவான்.

அந்த ஓர் ஆள் இப்போது ஜெயிலில் இருந்தான்.

இரண்டு நாள் வேலை அது. ஊர்க்காவலன் தன் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக எதையும் அடைத்ததில்லை.

ஆயுத பூஜையன்று எந்திரங்களுக்குச் சந்தனம், பொரிகடலை, சுண்டல். செயலாளர் ஆண்டறிக்கை வாசித்தார். முன்னூறு பம்பரம், பொருட்காட்சியில் நல்ல கூட்டம், இருபத்து நான்கு கொட்டாப்புளிகள். துணைச் செயலாளர் பொறுப்பு நிர்வாக வசதி கருதி அய்யப்பனுக்கு மாற்றப்படுகிறது. கடைசியாகத் தீர்மானம்: மன்றம் வழங்கிய கருவிகள் அனைத்தும் காந்தச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டவை.

செல்லச்சாமி வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கினார். "அனைத்தும்னு போட்டிருக்கீகளே. எண்ணிப் பாத்துட்டீகளா?"

ஆடி ஞாயிறு அன்று சிரித்தவர்கள்தான் அத்தனை பேரும். வாத்தியாரும் சிரித்தவர்தான்.

"பாத்தாச்சு சார்," என்றான் ஊர்க்காவலன்.

வாத்தியார் கண்ணாடியை இறக்கினார். பதினைந்து கைகள் உயர்ந்தன. சுண்டல் வந்தது.

பிடுங்கிய ஆணி மூன்று வாரம் ஊர்க்காவலனின் சட்டைப் பையில் இருந்தது. ஐப்பசி மழையில் ஆனைக்குட்டம் அணைக்குத் தண்ணீர் வந்த மறுநாள், மேல்கரையில் நின்று வீசி எறிந்தான்.

*

பாண்டிச்செல்வம் வைகாசியில்தான் திருத்தங்கலுக்கு வந்தான். ஜாமீன் கிடைத்தும் ஐந்தரை மாதம் மதுரையில் தங்கித் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை.

ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் வரும் முன்பே கொட்டகை வாசலில் நின்றான். பாதி ஆளாகியிருந்தான். காலில் செருப்பு இல்லை.

"வாலே," என்றான் ஊர்க்காவலன், கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போடாமல். "செருப்பு எங்க?"

"போடுறதில்ல. ஆணி அதுலதான் வந்துச்சோ என்னமோ." பாண்டிச்செல்வம் உள்ளே வந்து எந்திரத்தைத் தொட்டுப் பார்த்தான். "சர்டிபிகேட் குடுத்தியாம். மாரிசெல்வி சொன்னா."

"ம்."

"வக்கீல் படிச்சுட்டுத் தலையில கைய வச்சுட்டாரு. யோவ், ஒமக்கு எதிரா இருக்கிற பேப்பருலயே இதுதான்யா கனமான பேப்பருன்னாரு. நீ என்னலே பண்ணுவ. நல்லதுக்குன்னுதான குடுத்த."

ஊர்க்காவலன் கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினான்.

பாண்டிச்செல்வம் அலமாரிப் பக்கம் போனான். சுழற்பரிசு அங்கேதான் இருக்கும். ஜெயித்தவர் பெயர் மட்டும்தான் சுழலும். பரிசு அலமாரியை விட்டு நகராது.

"இது யாரு கடைஞ்சது?"

"மொதலாளி. அன்னைக்கி நீ போன பெறகு."

"கருவேலம்." கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். நீலக் கறுப்பில் அவன் பார்வை நின்றது. கேட்காமலேயே மேசையிலிருந்த காந்தத்தை எடுத்து வைத்தான். ஒட்டவில்லை. மேலே, கீழே. ஒட்டவில்லை.

ஊர்க்காவலன் மூச்சை விட்டான்.

பாண்டிச்செல்வம் காந்தத்தைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் மெதுவாகத் தடவ ஆரம்பித்தான். பொருட்காட்சியில் செய்வது போலவே.

நகம் நின்றது.

"இந்தா இங்கன," என்றான். வழக்கமாகச் சொல்லும்போது சிரிப்பான். "நல்ல வேலை. ஒன் வேலைதான். வேற எவனுக்கும் வராது."

வெளியே ஒரு பைக் வேகம் குறைத்து, நிற்காமல் கடந்து போனது.

"இதுக்கு ஜோடி எங்க போச்சு காவலு?"

ஊர்க்காவலன் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தான்.

"ஒம்போதாம் நம்பர் ரூமுக்கா?"

ஊர்க்காவலனின் தலை மேலும் கீழும் அசைந்தது.

"டிக் அடிக்கும்போது காந்தம் கையில இருந்துச்சா?"

"கீழ வச்சிருந்தேன்."

பாண்டிச்செல்வம் கீழே, மரத்தூளில் உட்கார்ந்தான். பரிசு அவன் மடியில் கிடந்தது. பேசியபோது குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஊர்க்காவலனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒம்போது மாசமா அந்த ரெண்டு பொம்பளையும் என் தலமாட்டுலதான் நிக்காளுக. நீ எடுத்த ஆணி எங்க?"

"ஆனைக்குட்டம் தண்ணியில போட்டுட்டேன்."

"சரி, ஆணி வேண்டாம். நீ வாயால சொல்லு. கோர்ட்டுல வேண்டாம், மொதல்ல வெள்ளைத்தாய் வீட்டுல வந்து சொல்லு. பாண்டி கொண்டாரல, மரத்துல இருந்துச்சுன்னு. அது போதும் எனக்கு."

ஊர்க்காவலன் சுவரைப் பார்த்தான். சுவரில் இந்த வருடத்து நிகழ்ச்சி நிரல் ஒட்டியிருந்தது. அவன் எழுதியது. ஆடி முதல் ஞாயிறு, கொட்டாப்புளி. கீழே அவன் பெயர், செயலாளர், ரப்பர் ஸ்டாம்பு.

"மொதலாளிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு," என்று ஆரம்பித்தான்.

பாண்டிச்செல்வம் எழுந்தான். பரிசை அலமாரியில், இருந்த இடத்தில், இருந்த மாதிரியே வைத்தான். காந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டான்.

"இது என்னுது," என்றான். மூலையில் கிடந்த நைலான் கயிற்றையும் சுருட்டி எடுத்தான். "எந்தக் கரையில நின்னு எறிஞ்ச?"

"மேல்கரை. மடைக்குப் பக்கம்."

"இப்பத் தண்ணி கெடையாதுல்ல அங்கன."

"இல்ல. வத்திக் கெடக்கு."

மத்தியானம் ஊர்க்காவலன் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆனைக்குட்டம் போனான். எதற்குப் போனான் என்று கேட்டால் தெரியாது. வெடித்துப் பிளந்த அணைத் தரையில், தூரத்தில், ஓர் ஆள் கயிற்றில் கட்டிய காந்தத்தை இழுத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தான். பத்தடிக்கு ஒரு முறை நின்று, குனிந்து, ஒட்டியதைப் பிய்த்துப் பார்த்தான். சோடா மூடி. தூண்டில் முள். சைக்கிள் செயின் துண்டு. ஒவ்வொன்றையும் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி நடந்தான். தரை கொதித்துக்கொண்டிருந்தது. காலில் செருப்பு இல்லை.

ஊர்க்காவலன் கரையிலேயே நின்றான். எறிந்த இடம் எது என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். மடையிலிருந்து இருபது தப்படி, ஒற்றைக் கல்லுக்கு இடப்பக்கம். பாண்டிச்செல்வம் நேர் எதிர்த்திசையில் தேடிக்கொண்டிருந்தான்.

ஒரு குரல் கொடுத்தால் போதும்.

கொட்டகையில் மூன்று மணிக்கு நிர்வாகக் குழுக் கூட்டம் இருந்தது. ஆடி மாதத்துக்கு மரம் எங்கே வாங்குவது என்று பேச வேண்டும். ஊர்க்காவலன் சைக்கிளைத் திருப்பினான்.